இராயப்பரின் கழுத்து

ஓவியத்தின் முன்பக்கத்தைப் பார்க்கத்தான் உலகம் வரிசையில் நிற்கும். நான் முப்பது வருடத்துக்கு மேலாகப் பின்பக்கத்தைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன். ஐரோப்பாவில் பழைய ஓவியங்கள் பல மரப்பலகையில் வரையப்பட்டவை. பலகை என்றால் வளையும், வெடிக்கும், பூச்சி அரிக்கும். அதைக் கவனிக்கிற ஆள் நான். முன்னால் மாதா நிற்கிறாரா மன்னர் நிற்கிறாரா என்பது எனக்குப் பிறகுதான் தெரியவரும். ஜெர்மனியில், கொலோனில் நம்மவர்களின் கல்யாண வீடுகளில் யாராவது, “நீங்கள் படம் திருத்திற ஆளாமே?” என்று கேட்டால், “இல்லை, நான் படத்துக்கு முதுகு பார்க்கிற வைத்தியன்” என்று சொல்வேன். சிரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பக்கம் போய்விடுவார்கள்.

நான் ஓய்வுபெற்ற நாளில் பட்டறையில் கேக் வெட்டினார்கள். இப்போது அங்கே புதிய கருவிகள் வந்திருக்கின்றன. வெடித்த பலகையை ஒட்டும்போது எந்த இடத்தில் எவ்வளவு அழுத்தம் என்று திரையில் காட்டும். ஆள் பிடித்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. கடைசியாக வேலைக்குச் சேர்ந்த பெண், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, “முன்பு இதையெல்லாம் வெறுங்கையால் பிடித்தீர்களாமே, பயமாக இருக்காதா? உங்களை மிகவும் பயப்படுத்திய வேலை எது?” என்று கேட்டாள். ஒரு தேவாலயப் பீடத்துப் பலகை படிக்கட்டில் வழுக்கிய கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையான பதில் அது இல்லை. உண்மையான பதிலைச் சொல்வதற்கு எங்கள் ஆட்கள் எப்படித் தலையாட்டுவார்கள் என்பதை முதலில் விளங்கப்படுத்த வேண்டும். அதை ஜெர்மன் மொழியில் சொல்லப்போனால் கேக் காய்ந்துவிடும். தமிழில் என்றால் அரை வசனம் போதும். ஆகையால் இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் தச்சுவேலை படித்தேன். பள்ளிக்கூடங்களுக்கு வாங்கும் மேசையும் செய்தேன். எண்பத்துநான்கின் கடைசியில் கிழக்கு பேர்லினில் விமானம் இறங்கி, ரயிலேறி மேற்குப் பக்கம் வந்து, பிறகு கொலோனுக்கு வந்து சேர்ந்தேன். அந்தப் பாதையால் வந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை, வராதவர்களுக்கு எவ்வளவு சொன்னாலும் போதாது. அகதி முகாமில் உதவிக்கு வந்த ஒரு கன்னியாஸ்திரி, எனக்கு வேலை அனுமதி கிடைத்ததும், தேவாலய ஓவியங்களைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். ரைன் நதிக்கு அந்தப்பக்கம், இரண்டே அறை. அதை நடத்தியவர் பிராவ் ஹெஸ்லர், பிராவ் என்றால் திருமதி. நான் உதவியாள். அந்த அனுமதியை வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். என் அகதி வழக்கும் மேல்நீதிமன்றத்தில் கிடந்தது.

பிராவ் ஹெஸ்லர் நெட்டையான பெண்மணி. ஐம்பதைத் தாண்டியவர். நீல மேலங்கிப் பையில் எப்போதும் ஒரு சிறிய டோர்ச் இருக்கும். காலையில் எனக்கு வணக்கம் சொல்வதற்கு முன் சுவரில் இருந்த ஈரமானியைப் பார்ப்பார். அதற்குள் ஒரு மனிதத் தலைமுடி கட்டியிருக்கும். காற்றில் ஈரம் கூடினால் முடி நீளும், குறைந்தால் சுருங்கும், முள் நகரும். முள் சரியாக இருந்தால்தான் எனக்கு வணக்கம். மணிக்கூடு, மோதிரம், இடுப்புப் பட்டி எல்லாவற்றையும் கழற்றி ஒரு தட்டில் போட்டுவிட்டுத்தான் ஓவியத்துக்குக் கிட்டப் போகலாம். சட்டைப் பையில் பேனை இருந்தால் அன்றைக்குத் தொலைந்தேன். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பிழை செய்தால் கையில் இருந்ததை வைத்துவிட்டு, நான் அதைக் கண்டுபிடிக்கும்வரை சும்மா பார்த்துக்கொண்டு நிற்பார். அடி வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றும்.

என் பெயர் யோகநாதன். அது அவர் வாயில் நுழையவில்லை. “ஹெர் யோகா”, அதாவது திரு யோகா ஆனேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சங்கடம் வந்தது. ஒரு பெரிய பலகையை இருவரும் மேசையிலிருந்து தூக்கினோம். “பிடித்துக்கொண்டீர்களா? நான் விடலாமா?” என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். நாங்கள் எப்படி ஓம் சொல்வோம்? தலையை இந்தத் தோளுக்கும் அந்தத் தோளுக்கும் ஒருமுறை சரிப்போம், அவ்வளவுதானே. அவருக்கு அது இல்லை என்று தெரிந்திருக்கிறது. அவர் விடவில்லை. அவர் விட்டுவிட்டார் என்று நினைத்து நான் இழுத்தேன். சட்டத்தின் மூலையில் ஒரு துண்டு உடைந்து விழுந்தது.

பலகையை இறக்கி வைத்தோம். அவர் என்னை யன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார். “ஆம் என்று செய்து காட்டுங்கள்” என்றார். செய்தேன். “இல்லை என்று செய்து காட்டுங்கள்.” செய்தேன். “இன்னொரு தரம் ஆம்.” ஓவியத்தின் வெடிப்பைப் பார்ப்பதுபோல என் கழுத்தைக் கூர்ந்து பார்த்தார். வெட்கமாக இருந்தது. பல தடவை ஆட்டவைத்த பிறகு, “சரி, எனக்கு விளங்கிவிட்டது. உங்கள் ஆம் எங்கள் இல்லைக்குப் பக்கத்து வீடு. இனிமேல் பலகை கையில் இருக்கும்போது வாயால் சொல்லுங்கள்” என்றார். அதன் பிறகு வாயால்தான் சொன்னேன். ஆனால் கோப்பி குடிக்கிற நேரத்தில் என் தலை தன்பாட்டுக்கு ஆடும். அவர் அதைப் பிழையில்லாமல் வாசிக்கத் தொடங்கிவிட்டார். கொலோன் நகரத்து ஜெர்மன்காரர்களில் என் தலையை வாசிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

எண்பத்தேழு மாசி மாதம் அந்த ஓவியம் வந்தது. ஒரு கிராமத்துத் தேவாலயத்தில் புதிதாக வெப்பமூட்டி பொருத்தியிருந்தார்கள். பக்தர்களுக்குச் சுகம், பலகைக்கு நாசம். காற்று உலர்ந்து, நடுப்பலகை மேலிருந்து கீழே வெடித்திருந்தது. ஈஸ்டருக்கு முந்திய பெரிய வியாழனுக்குள் திரும்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். வழக்கம்போல நான் முதுகைத்தான் முதலில் பார்த்தேன். நல்ல ஓக் மரம், மூன்று பலகை. யாரோ முந்தியும் அந்த வெடிப்பை ஒட்டி, நன்றாக ஒட்டாமல் விட்டிருந்தார்கள். பிறகு முன்பக்கம் வந்து பார்த்தேன், ஏன் பார்த்தேன் என்று ஆகிவிட்டது.

ஒரு முற்றம். நடுவில் நெருப்பு. நெருப்பைச் சுற்றிச் சிப்பாய்கள். ஒரு வேலைக்காரப் பெண் கையை நீட்டி ஒரு கிழவரைக் காட்டுகிறாள். அந்தக் காலத்தில் சில ஓவியர்கள் மனித உடம்பை வேண்டுமென்றே நீட்டி முறுக்கி வரைந்தார்களாம். அப்போது அதுதான் நாகரிகம், மனரிசம் என்று அதற்குப் பெயர் என்று பிராவ் ஹெஸ்லர் சொன்னார். அந்தப் பெண்ணின் கை ஒரு கைக்கு இருக்கவேண்டிய நீளத்தைவிட நீளம். விரல் அதைவிட நீளம். கிழவரின் நெஞ்சு நெருப்பைப் பார்க்கிறது, முகம் எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எலும்பே இல்லாததுபோல ஒரு நீண்ட கழுத்து. வெடிப்பு சரியாக அந்தக் கழுத்தின் வழியாகத்தான் போயிருந்தது. சிப்பாய்களின் முகத்தில் பச்சை வெளிச்சம். யாரும் இன்னும் ஒன்றும் செய்யவில்லை. எல்லோரும் கிழவரின் பதிலுக்காகக் காத்திருக்கிறார்கள். நான் மறுபடி பின்பக்கம் போய்விட்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. நான் ஊரைவிட்டு வெளிக்கிடுவதற்குச் சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதியை ஆமி சுற்றிவளைத்தது. ஆண்களை எல்லாம் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்கவிட்டார்கள். வரிசையின் முடிவில் ஒரு ஜீப். ஜீப்பில் தலையாட்டி இருந்தான். முகத்தைச் சாக்கால் மூடி, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அவன் யாருக்குத் தலையாட்டுகிறானோ அவர் ஏற்றப்படுவார். எனக்கு முன்னால் போனவருக்கு ஆட்டினான். எனக்கு ஆட்டவில்லை. ஏன் அவருக்கு, ஏன் எனக்கில்லை என்று யாருக்கும் தெரியாது, ஒருவேளை அவனுக்கே தெரியாது.

ஓவியத்தின் கதையை எனக்குச் சொன்னவன் அன்ரன். குருநகர்ப் பையன், மீன்பிடிக் குடும்பம், கத்தோலிக்கன். என் ஊர் நண்பர் ஒருவர் மூலம் பழக்கம். அவனுக்குத் தலையாட்டி ஆட்டியிருந்தான். ஆமி முகாமில் வைத்திருந்து, பிறகு விட்டார்கள். அவனுடைய முதுகை நான் ஒரேயொரு தடவை பார்த்தேன். அதன் பிறகு அவன் சட்டை மாற்றும்போது யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஜெர்மனிக்கு வந்து தென்பக்கம் ஒரு அகதி முகாமில் இருந்தான். அவனுடைய விண்ணப்பத்தை மறுத்து, நாட்டைவிட்டுப் போகச் சொல்லிவிட்டார்கள். தமிழரைத் திருப்பி அனுப்பமாட்டோம் என்று சில மாநிலங்கள் சொல்லும், அனுப்புவோம் என்று சில சொல்லும், அடுத்த மாதம் மாற்றிச் சொல்லும். அன்ரன் ரயிலேறி என்னிடம் வந்துவிட்டான். பிடித்து அனுப்பினால் கொழும்பு விமான நிலையத்தில் அவனுக்காக யார் காத்திருப்பார்கள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

என் ஒற்றை அறையில் அவன் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. கதவுக்கு வெளியே ஒரு சோடிச் சப்பாத்துத்தான் கிடக்கலாம். நான் வேலைக்குப் போன பிறகு அவன் குழாய் திறக்கக்கூடாது, இருமக்கூடாது. கீழ்வீட்டுக்காரர் படியேறும் சத்தம் கேட்டால் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிடுவோம். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவனே எனக்குப் பயிற்சி தந்தான். “அண்ணை, முகத்தைப் பாராதேங்கோ. படத்தை மட்டும் பாருங்கோ. பாத்திட்டு, ‘எனக்குத் தெரியாது’. அவ்வளவுதான். எங்கை, ஒருக்காச் சொல்லுங்கோ.” நான் ஜெர்மன் மொழியில் சொல்வேன். “இன்னும் உறைப்பா” என்பான்.

ஒருநாள் நான் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போய்விட்டேன். அந்த மடையன் அதைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டான். அறைக்குள் அடைந்து கிடந்து அலுத்திருப்பான். எனக்கு உயிர் போய் வந்தது. பிராவ் ஹெஸ்லர் அவனை ஏற இறங்கப் பார்த்தார், யார் என்று கேட்கவில்லை, ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவன் கதிரையில் இருந்தபடியே ஓவியத்தைப் பார்த்தான்.

“அண்ணை, இது எங்கட இராயப்பரெல்லே, யேசுவின்ர தலைச் சீடர்! யேசுவைப் பிடிச்சுக்கொண்டு போன இரவு. நீயும் அவரோட நிண்ட ஆள்தானே எண்டு அந்த வேலைக்காரி காட்டிக்குடுக்கிறாள். இவர் தெரியாது எண்டு மூண்டு தரம் சொல்லுவார். சேவல் கூவினாப் பிறகு விழுந்து விழுந்து அழுவார்.”

“அப்ப இவள்தான் தலையாட்டி” என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. கிட்டப்போய்க் கழுத்தைப் பார்த்தான். “ஆனா அண்ணை, கீறினவன் பிழை விட்டிட்டான். இவர் இல்லை எண்டு சொல்லேல்லை. தலையைப் பாருங்கோ, எங்கட ஆக்கள் ஓம் எண்டு சொல்லுற மாதிரியெல்லே சரிச்சுக்கொண்டு நிக்கிறார்.”

பிராவ் ஹெஸ்லர் என்ன சொல்கிறான் என்று கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் முதல் தடவையாக எனக்கு முன்னால் பலமாகச் சிரித்தார். பிறகு அன்ரனுக்குக் கோப்பி ஊற்றிக் கொடுத்தார்.

ஒட்டுகிற நாள் வந்தது. வெடிப்பை ஒட்டுவது ஒருநாள் வேலை இல்லை. அதற்கு முன் வாரக்கணக்காகப் பலகையை எங்கள் அறையின் ஈரத்துக்குப் பழக்கினோம். வெடிப்பின் நெடுக நிறம் உதிராமல் இருக்க முன்பக்கத்தில் மெல்லிய கடதாசி ஒட்டினோம். நான் பின்னாலிருந்து பழைய பசையை ஈரப்பஞ்சால் ஊறவைத்துச் சிறிய கத்தியால் எடுத்தேன். பசை இல்லாமல் ஒத்திகை பார்த்தோம். பசை மிருகத்தோலில் செய்தது. முதல்நாளே ஊறவைத்து, சுடுநீர்ச் சட்டிக்குள் வைத்து இளக்க வேண்டும், கொதிக்கவிடக்கூடாது. குழந்தைக்குப் பால் பார்ப்பதுபோல மணிக்கட்டில் தொட்டுச் சூடு பார்ப்போம். வெடிப்புக்குள் விட்ட பிறகு அது இறுகத் தொடங்கும், அதற்குள் எல்லாம் முடிய வேண்டும்.

ஓவியம் தாங்கியில் நேராக நின்றது. அதன் உயரம் என் கழுத்துவரை. நான் பின்னால் நின்று வெடிப்பின் இரண்டு விளிம்புகளையும் பெருவிரல்களால் அழுத்திச் சமமாகப் பிடிக்க வேண்டும். அவர் முன்னால் இருந்து விரல்நுனியால் வெடிப்பைத் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது என்று சொல்வார். இடது வலது என்று சொல்லமாட்டோம், அவருடைய இடது எனக்கு வலது. ‘யன்னல் பக்கம்’, ‘கதவுப் பக்கம்’ என்போம். “கதவுப் பக்கம் ஒரு முடி” என்றால் கதவுப் பக்க விளிம்பு ஒரு முடியளவு உயர்ந்திருக்கிறது என்று பொருள். நான் அந்தப் பக்கத்தை அமர்த்துவேன். அவர் பலகைகளை இறுக்கிப் பிடிக்கும் கவ்வியைக் கால்சுற்று முறுக்குவார். மறுபடி தடவுவார்.

கழுத்துக்கு வந்திருந்தோம். வெளிக்கதவு திறந்தது. உள்ளே வரவேண்டாம் என்று பலகை தொங்கவிட்டிருந்தும் குளிர்காற்றோடு இருவர் வந்தார்கள். ஒருவர் இளையவர், தோல் மேலங்கி. மற்றவர் மீசை நரைத்தவர். அட்டையைக் காட்டி, பொலிஸ் என்றார்கள். “ஹெர் யோகநாதன்?”

“பசை இறுகும்வரை அவர் யாரும் இல்லை” என்றார் பிராவ் ஹெஸ்லர், திரும்பிப் பார்க்காமல்.

“ஒரேயொரு கேள்விதான்” என்று சொல்லிக்கொண்டு இளையவர் தாங்கியைச் சுற்றி என் பக்கம் வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து என் மூக்குக்கு நேரே பிடித்தார். அன்ரன். அகதி முகாமில் எடுத்த படம், தலைமயிர் ஒட்ட வெட்டியிருந்தது. முகாமில் யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். யார் என்று இன்றைக்கும் தெரியாது. “இந்த ஆளைத் தெரியுமா?”

என் இரண்டு கையும் பலகையில். விட்டால் இராயப்பரின் கழுத்து இரண்டாகும். ஓடவும் முடியாது, முகத்தைத் திருப்பவும் முடியாது. எத்தனையோ தரம் பாடமாக்கிய வசனம் தொண்டையில் இருந்தது. வாயைத் திறந்தேன், காற்றுத்தான் வந்தது. நான் வாழ்க்கையில் அப்படிப் பயந்தது இரண்டு தடவைதான், மற்றது அந்த மைதானத்தில். இளையவர் குரலை உயர்த்தி, “தெரியுமா, தெரியாதா?” என்றார்.

என் தலை ஆடியது. நான் ஆட்டவில்லை. ஐந்து வயதிலிருந்து வாத்தியார் கேட்டாலும் விதானையார் கேட்டாலும், அதிகாரத்தில் இருக்கிற எவர் கேட்டாலும் ஓம் ஐயா என்று ஆடிப் பழகிய தலை அது. ஒரு தோளுக்குச் சரிந்து மற்றத் தோளுக்குப் போனது. தெரியும், ஓம் ஐயா, தெரியும்.

“தெரியாதாம்” என்றார் இளையவர். படத்தைப் பைக்குள் வைக்கப் போனார்.

மூத்தவர் கதவருகிலேயே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு எதிரே, கீழே ஓவியத்தில் இராயப்பரின் தலை, அதற்கு மேலே என் தலை. “பொறு” என்றார். “அது இல்லை என்கிற மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஒரு மாதிரியாக ஆட்டினார்.” பிராவ் ஹெஸ்லர் பக்கம் திரும்பினார். “நீங்கள் இவரோடு தினமும் வேலை செய்கிறவர். இவர் இப்படிச் செய்தால் என்ன அர்த்தம்?”

பிராவ் ஹெஸ்லர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் சொன்னது அவருக்கு விளங்கிவிட்டது என்பதை அவர் கண்ணில் கண்டேன். ஒரு முடியளவு பிழையைக்கூட விடாத மனுஷி. அரைகுறையான சொல்லைக்கூடத் திருத்தாமல் விடாதவர். அவர் கவ்வியைக் கால்சுற்று முறுக்கினார். “இல்லை என்று அர்த்தம்” என்றார். “கதவைச் சாத்திக்கொண்டு போங்கள். பலகைக்குக் குளிர் ஆகாது.”

அவர்கள் போய்விட்டார்கள். மூத்தவர் கதவை மெதுவாகத்தான் சாத்தினார்.

பசை இறுகும்வரை நான் பலகையை விடவில்லை. கையை எடுக்கலாம் என்று அவர் சொன்னபோது என் விரல்கள் மடங்கியே இருந்தன, நிமிர்த்த முடியவில்லை. அவர் கழுத்தின் மேல் விரலை ஓட்டினார். நின்றார். மறுபடி ஓட்டினார். “கதவுப் பக்கம் ஒரு முடி” என்றார். அந்த நேரத்தில் என் கை நடுங்கியிருக்கிறது. நீராவி பிடித்து இளக்கி மறுபடி ஒட்டுவோம் என்று நான் சொன்னேன். வேறு எந்த நாளாக இருந்தாலும் அதைத்தான் அவர் செய்திருப்பார். “வேண்டாம், இருக்கட்டும்” என்றார்.

சமையலறைப் பக்கம் போய்க் கோப்பி ஊற்றினார். எனக்கு ஊற்றியதைத் தானே குடிக்கத் தொடங்கினார். அப்போதுதான் அவரும் பயந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

“ஆம் என்றுதானே சொன்னீர்கள்?”

“ஆம்.”

“ஏன்?”

“பொலிஸ் கேட்டார்கள்” என்றேன். எனக்கு வேறு காரணம் தெரியவில்லை.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். “நான் பொலிஸுக்குப் பொய் சொன்னதில்லை, ஹெர் யோகா. இன்றைக்குச் சொன்னேன். அந்தப் பையன் என் கதிரையில் இருந்தவன். ஆனால் இன்னொரு தரம் வந்து கேட்டால் என்னால் முடியாது. முகத்தில் தெரிந்துவிடும். அதை அவனிடம் சொல்லிவிடுங்கள்.”

அன்று வெள்ளனவே என்னை அனுப்பிவிட்டார். வீட்டில் அன்ரன் அடுப்பில் பருப்பு வைத்துக்கொண்டிருந்தான். சத்தம் வராமல் கிளறுவதற்கு மரக்கரண்டி வைத்திருந்தான். அவனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. மறைக்கலாம் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்ததுண்டு. ஆனால் அவன் இன்னொரு நாளும் என் வாயை நம்பி அந்த அறையில் இருக்கக்கூடாது என்று பட்டது.

அவன் முதலில் சிரித்தான். சத்தம் வெளியே கேட்காமல், வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தான். “இராயப்பர் மூண்டு தரம் இல்லை எண்டவர். நீங்கள் ஒரே தரத்தில ஓம் எண்டிட்டியளே அண்ணை.” பிறகு அடுப்பை நிறுத்தினான். கட்டிலுக்குக் கீழே கிடந்த பையை எடுத்தான்.

“எங்கையடா போகப்போறாய்? கொஞ்சம் பொறு. ஆரையும் கேட்டுப் பாப்பம்.”

“பொறுக்க ஏலாது அண்ணை. இண்டைக்கு அந்தப் பொம்பிளை காப்பாத்தினா. நாளைக்கு நேரை இஞ்ச வருவாங்கள்.” சட்டைகளை மடிக்காமல் திணித்தான்.

“போற இடத்தையாவது சொல்லு.”

அவன் என் முகத்தைப் பார்த்தான். “சொல்லமாட்டன். கோவத்தில இல்லை, சத்தியமா இல்லை. உங்களுக்குத் தெரிஞ்சா உங்கட தலை ஆடும். தெரியாட்டி அது எப்பிடி ஆடினாலும் ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்காது. நீங்களும் பயப்பிடாமல் இருப்பியள்.”

எனக்கு அழுகை வந்தது. அவனைத் தடுக்க ஒரு நியாயமும் என்னிடம் இல்லை. என் கம்பளி மேலங்கியைக் கொடுத்தேன். அவன் அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினான். பருப்பு அப்படியே இருந்தது.

இரண்டு நாள் கழித்து அதே இருவரும் என் அறைக்கு வந்தார்கள். கட்டிலுக்குக் கீழே, அலுமாரிக்குள் எல்லாம் பார்த்தார்கள். அன்ரன் எங்கே என்று மூத்தவர் கேட்டார். “எனக்குத் தெரியாது” என்று வாயால் சொன்னேன், நல்ல உறைப்பாக. அவர் என்னை ஒருமுறை பார்த்தார், தலையசைத்தார், போய்விட்டார். இந்தத் தடவை அது உண்மை.

ஓவியம் பெரிய வியாழனுக்கு முன் ஊருக்குப் போனது. பிராவ் ஹெஸ்லர் என்னைப் பிறகு முறையாகத் தொழில் படிக்க அனுப்பினார். இந்தத் தொழிலில் நான் நிலைத்தது அவரால்தான்.

எண்பத்தொன்பதில் ஒரு மத்தியானம் பட்டறை வாசலில் ஒரு தமிழ்ப் பெண் நின்றாள். ஜெர்மனிக்கு வந்து சில வாரம்தான். குருநகரிலிருந்து தம்பியைத் தேடி வந்த அன்ரனின் அக்கா. அவனுடைய கடைசிக் கடிதத்தில் என் பெயர் இருந்ததாம். அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லையாம்.

“அண்ணை, என்ர தம்பி எங்கை?”

“பிள்ளை, எனக்குத் தெரியாது.”

“உங்களுக்குத் தெரியும். ஆரோ சொல்லவேண்டாம் எண்டு சொல்லியிருக்கினம். நான் அவன்ர சொந்த அக்கா, எனக்கு ஏன் பயப்பிடுறியள்?”

பாரிஸுக்குப் போகிறவர்களிடம், லண்டனிலிருந்து வருகிறவர்களிடம், கனடாவிலிருந்து கல்யாணத்துக்கு வருகிறவர்களிடம் எல்லாம் நான் விசாரித்துவிட்டேன். அவளுக்காகவும் விசாரித்தேன், எனக்காகவும் விசாரித்தேன். அவளும் கொலோனில்தான் இருக்கிறாள், பேரப்பிள்ளை கண்டுவிட்டாள். காண்கிற இடமெல்லாம் கேட்பாள், நானும் அதே பதிலைச் சொல்வேன். பொலிஸ்காரர்கள் அதை நம்பினார்கள். அவள் இன்றுவரை நம்பவில்லை.